மிதவைகளின் மொழி அறிவோம்!

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளி விடுமுறை நாள் ஒன்றில், நானும் நண்பர்கள் இருவரும் தூத்துக்குடிக் கடலில் ஒரு சிறிய வள்ளத்தில் தூண்டில் போடச் சென்றோம். கப்பல்கள் துறைமுகத்துக்கு வரும் வழியில் பச்சை நிற மிதவை ஒன்று நின்றிருந்தது. மிதவையின் அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் படியும். அவற்றைத் தேடிச் சிறு மீன்கள் வரும். சிறு மீன்களைத் தேடிப் பெரிய மீன்கள் வரும். இந்த அளவுக்கு எங்களுக்குக் கடல் அறிவு இருந்தது. எனவே, வள்ளத்தின் கயிற்றை அந்த மிதவையில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூண்டிலை இறக்கினோம்.

சற்று நேரத்தில் சரக்குக் கப்பல் ஒன்று எங்களை நோக்கி வந்தது. அதன் சங்கு ஐந்து முறை விட்டுவிட்டு ஒலித்தது. கப்பல் எங்களுக்கு வணக்கம் சொல்கிறது என்று எண்ணி, எழுந்து நின்று கையசைத்தோம். மீண்டும் ஐந்து முறை ஒலித்தது. மீண்டும் கையசைத்தோம். அப்போது துறைமுகப் படகு ஒன்று விரைந்து வந்தது. அதில் இருந்தவர் கயிற்றை அறுத்து எங்களை விரட்டினார். கப்பல் கடந்துபோனபோது எழுந்த அலையில் வள்ளத்தில் பாதியளவு நீர் நிறைந்தது. தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று கரை சேர்ந்தோம்.

என் தாய்மாமன் தோணியில் தண்டலாக இருந்தவர். தூத்துக்குடிக்கும் மாலத்தீவுக்கும் இடையே காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிச் சென்று வந்தவர். நடந்ததை அன்று மாலை அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. 'ஏல, அந்தக் கப்பல் உங்களுக்கு வணக்கமா சொல்லிச்சு? நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு விளங்கல, ஆபத்து வருதுன்னுல்லா கத்தியிருக்கு' என்றார். பிறகு முற்றத்து மணலில் இரண்டு கோடுகள் கிழித்து, ஒரு கோட்டில் செங்கல் துண்டுகளையும் மறுகோட்டில் வேப்பிலைகளையும் வைத்துக் கடலில் நிற்கும் அடையாளங்களை எனக்கு விளக்கினார். அன்று நான் கற்றதை, கடலையே வாழ்வாகக் கொண்ட நம் மீனவர்களில் பலருக்கு இன்றுவரை எவரும் முறையாகக் கற்பிக்கவில்லை என்பதே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

கரையிலிருந்து பார்ப்பவர்க்குக் கடல் பரந்த வெளி. எங்கு வேண்டுமானாலும் செல்லலாம் என்று தோன்றும். ஆனால், பெரிய கப்பலுக்குக் கடல் அப்படிப்பட்டதன்று. நீர்மட்டத்துக்குக் கீழே பத்து மீட்டருக்கும் மேல் ஆழ்ந்து செல்லும் கப்பல், கரையை நெருங்க நெருங்க, தூர்வாரி ஆழப்படுத்தப்பட்ட ஒரு குறுகிய வழியில் மட்டுமே வர முடியும். அந்த வழியின் இரு ஓரங்களிலும் நிற்பவைதாம் வண்ண மிதவைகள். சாலையின் ஓரக் கல்லைப் போன்றவை அவை. வேறுபாடு ஒன்றே: சாலை கண்ணுக்குத் தெரியும், கடலுக்கு அடியில் இருக்கும் வழி தெரியாது.

இந்தியக் கடற்பகுதியில் விதி எளிது. கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு மிதவைகள் இடக்கைப் பக்கமும், பச்சை மிதவைகள் வலக்கைப் பக்கமும் இருக்க வேண்டும். வெளியே செல்லும்போது இது தலைகீழாகும். சிவப்பு மிதவை தகர டப்பாவைப் போலத் தட்டையான தலை கொண்டிருக்கும். பச்சை மிதவை கூம்பு வடிவில் இருக்கும். சூரியனுக்கு எதிரே பார்க்கும்போது எல்லா நிறமும் கறுப்பாகத் தெரியும் என்பதால் நிறத்தோடு வடிவத்தையும் சேர்த்து வைத்தார்கள். இரவில் சிவப்பு மிதவையில் சிவப்பு விளக்கும், பச்சை மிதவையில் பச்சை விளக்கும் விட்டுவிட்டு எரியும். தொடர்ந்து எரிந்தால் கரையிலுள்ள ஊர் விளக்குகளோடு கலந்து குழப்பம் விளையும். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தை வைத்தே இன்ன மிதவை என்று மாலுமி அறிகிறார்.

ஆபத்தைச் சுட்டும் மிதவைகள் வேறு வகை. அவை கறுப்பும் மஞ்சளும் கலந்தவை. உச்சியில் இரண்டு கறுப்புக் கூம்புகள் இருக்கும். இரண்டும் மேல்நோக்கி இருந்தால், வடக்குப் பக்கமாகச் சென்றால் பாதுகாப்பு என்று பொருள். இரண்டும் கீழ்நோக்கி இருந்தால் தெற்கே செல்ல வேண்டும். அடியோடு அடி சேர்ந்திருந்தால் கிழக்கு. நுனியோடு நுனி சேர்ந்திருந்தால் மேற்கு. இரவில் இவற்றின் வெள்ளை விளக்கைக் கடிகார முகத்தை நினைத்துக்கொண்டு எண்ண வேண்டும் என்றார் என் மாமா. கிழக்குக்கு மூன்று மின்னல், மேற்குக்கு ஒன்பது, தெற்குக்கு ஆறும் அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒளியும். வடக்கு மிதவை எண்ணிக்கையின்றி மின்னிக்கொண்டே இருக்கும். கடிகாரத்தில் மூன்று கிழக்கிலும், ஆறு தெற்கிலும், ஒன்பது மேற்கிலும் இருப்பதை நினைவில் கொண்டால் இதை ஒருபோதும் மறக்க இயலாது. நான் மறக்கவில்லை.

இன்னும் சில உள்ளன. கறுப்பு உடலில் சிவப்புப் பட்டையும் உச்சியில் இரண்டு கறுப்புப் பந்துகளும் இருந்தால், சுற்றிலும் ஆழம், நடுவில் மட்டும் ஆபத்து என்று பொருள். அடியில் பாறையோ மூழ்கிய கலமோ இருக்கலாம். சிவப்பும் வெள்ளையும் நெடுக்குப் பட்டையாக இருந்தால் சுற்றிலும் பாதுகாப்பான ஆழம். துறைமுக வழியின் தொடக்கத்தில் பெரும்பாலும் இதைக் காணலாம். மஞ்சள் மிதவை தனிப் பயன்பாட்டுக்கு உரியது. குழாய்வழி, கடலாய்வுக் கருவி போன்றவற்றைக் குறிப்பது.

இந்த மொழி ஒரே நாளில் உருவானதன்று. அதன் பின்னே பல உயிரிழப்புகள் உள்ளன. 1889-ஆம் ஆண்டு வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு மாநாட்டில், இடப்புறம் கறுப்பு மிதவை, வலப்புறம் சிவப்பு மிதவை என்று சில நாடுகள் ஒப்புக்கொண்டன. பின்னர் மிதவைகளில் விளக்கு வைக்கும் வழக்கம் வந்தது. துறைமுக வாயிலின் இடப்புறம் சிவப்பு விளக்கு எரிவது ஐரோப்பிய வழக்கம் என்பதால், அங்குள்ள சில நாடுகள் இடப்புறக் கறுப்பு மிதவையில் சிவப்பு விளக்கை ஏற்றின. வட அமெரிக்காவிலோ வலப்புறச் சிவப்பு மிதவையிலேயே சிவப்பு விளக்கை ஏற்றினார்கள். ஒரே நிறம், இரு கரைகளில் இரு வேறு பொருளைப் பெற்றது. 1936-இல் ஜெனீவாவில் எடுத்த ஒற்றுமை முயற்சியும் இரண்டாம் உலகப் போரால் நிறைவேறாமல் போனது. 1970-களின் நடுப்பகுதி வரை உலகில் முப்பதுக்கும் மேற்பட்ட மிதவை முறைகள் வழக்கில் இருந்தன.

உலகை விழிக்க வைத்தது 1971-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே உள்ள டோவர் நீரிணையில் நடந்த தொடர் விபத்து. அந்த ஆண்டு ஜனவரி 11-ஆம் தேதி 'டெக்சாகோ கரீபியன்' என்ற எண்ணெய்க் கப்பல் மற்றொரு கப்பலோடு மோதி மூழ்கியது. மறுநாளே 'பிராண்டன்பர்க்' என்ற ஜெர்மானியக் கப்பல் அந்தச் சிதைவின்மீது மோதி மூழ்கியது. அதன் பிறகு அந்த இடத்தைச் சுற்றி மிதவைகளும் விளக்குக் கப்பலும் நிறுத்தப்பட்டன. எனினும் பிப்ரவரி இறுதியில் 'நிக்கி' என்ற கிரேக்கக் கப்பல் அதே இடத்தில் மோதி, அதில் இருந்த அனைவருடனும் மூழ்கியது. அடையாளம் இல்லாமல் அந்தக் கப்பல் மூழ்கவில்லை. எல்லோருக்கும் உடனே விளங்கும் அடையாளமாக அது அமையவில்லை என்பதே உலகம் கற்ற பாடம்.

அதன் விளைவாக, 1980 நவம்பரில் டோக்கியோவில் ஐம்பது நாடுகளின் பிரதிநிதிகள் கூடி ஒரே மிதவை முறைக்கு இசைந்தனர். பழைய பிளவின் தழும்பு மட்டும் எஞ்சியது. அமெரிக்கக் கண்டங்களிலும் ஜப்பான், கொரியா, பிலிப்பின்ஸ் ஆகிய நாடுகளிலும் சிவப்பு வலப்புறம். இந்தியா உள்ளிட்ட ஏனைய பகுதிகளில் சிவப்பு இடப்புறம். 2002 டிசம்பரில் 'டிரைகலர்' என்ற கார் ஏற்றிய கப்பல் ஆங்கிலக் கால்வாய்ப் பகுதியில் மூழ்க, அதன்மீது வேறு இரு கப்பல்கள் அடுத்தடுத்து மோதின. அந்தப் பாடத்துக்குப் பிறகே, புதிதாக மூழ்கிய கலத்தை உடனடியாகச் சுட்டுவதற்கென்று நீலமும் மஞ்சளும் நெடுக்குப் பட்டையாக அமைந்த அவசர மிதவை வழக்கத்துக்கு வந்தது.

மிதவை வழியை மட்டும் காட்டுவதில்லை. யார் ஒதுங்க வேண்டும் என்னும் கேள்வியும் அதனோடு பிணைந்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டு மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, திறந்த கடலில் வலை விரித்தோ நெடுந்தூண்டில் போட்டோ மீன்பிடித்துக் கொண்டிருக்கும் படகுக்கு இயந்திரக் கப்பல் விலகி வழிவிட வேண்டும். அந்தப் படகு எவ்வளவு சிறியதாயினும் சரி, கப்பல் எவ்வளவு பெரியதாயினும் சரி. ஆனால், குறுகிய கப்பல் வழிக்குள் இந்த உரிமை நிற்பதில்லை. அங்கே மீன்பிடிக்கும் படகு, வழியில் வரும் எந்தக் கலத்துக்கும் தடையாக இருத்தல் கூடாது. இந்த எல்லையைக் கடல்மேல் கண்ணுக்குக் காட்டுவன மிதவைகளே. கோட்டுக்கு வெளியே விதி மீனவரின் பக்கம். கோட்டுக்கு உள்ளே கப்பலின் பக்கம்.

இதை அறியாத மீனவர் இரண்டு வகையில் இழக்கிறார். உள்ளே நின்று உயிரை இழக்கும் வாய்ப்பு ஒன்று. வெளியே நின்றும் தம் உரிமையை எடுத்துச் சொல்லத் தெரியாமல் இழப்பீட்டை இழக்கும் வாய்ப்பு மற்றொன்று. வலை விரித்திருக்கும் படகு இரவில் வெள்ளை விளக்குக்கு மேல் சிவப்பு விளக்கைக் காட்ட வேண்டும். இழுவலைப் படகு வெள்ளைக்கு மேல் பச்சை விளக்கைக் காட்ட வேண்டும். அந்த இரு விளக்குகளும் எரியாத படகை, கப்பலின் மேல்தளத்தில் நிற்பவர் மீன்பிடிப் படகு என்று எப்படி அறிவார்? தமக்குச் சாதகமான விதி இருந்தும் அதைப் பேசும் மொழி கைவசம் இல்லாத நிலை இது.

மீனவர் அறியாமையில் இருக்கிறார் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உண்மை அதற்கு நேர்மாறானது. கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் அதன் பின்னே உள்ள பனையையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து, மற்றொரு பக்கம் தேவாலயக் கோபுரத்தையும் குன்றையும் ஒன்றுசேர்த்து, கடலுக்கு அடியில் இருக்கும் பாரை அடி பிசகாமல் கண்டறிந்தவர்கள் நம் மீனவர்கள். துறைமுகங்களில் முன்னும் பின்னுமாக இரண்டு விளக்குத் தூண்களை நிறுத்தி, 'இவை இரண்டும் ஒரே கோட்டில் தெரியும்வரை நீ வழியில் இருக்கிறாய்' என்று கப்பலுக்குச் சொல்வதும் இதே அறிவுதான். தம் வலைக்கு மிதவை கட்டி, கொடிக்கம்பு நட்டு, விளக்கு வைப்பவர்களும் அவர்களே. பெரும்பாணாற்றுப்படை காட்டும் கலங்கரை விளக்கத்தைத் தந்த மரபு இது. அறிவு இருக்கிறது, அதைப் பன்னாட்டு அடையாள மொழியோடு இணைக்கும் பாலம்தான் இல்லை.

பாலம் இல்லாததன் விலையை இருதரப்பும் கொடுக்கின்றன. மிதவையில் படகைக் கட்டினால் என்ன ஆகும் என்று அன்று எனக்குத் தெரியாது. மிதவை, கடலடியில் கிடக்கும் கனத்த எடைக்கட்டையோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டது. அலைக்கும் நீர்மட்ட ஏற்ற இறக்கத்துக்கும் இடம்கொடுக்க, சங்கிலி கடலின் ஆழத்தைவிட நீளமாக இருக்கும். படகின் இழுப்பில் சங்கிலி தேயலாம், எடைக்கட்டை நகரலாம், விளக்கு உடையலாம், சூரிய மின்தகடு பழுதாகலாம். இடம் மாறி நிற்கும் மிதவை, இல்லாத மிதவையைவிடக் கொடியது. ஏனெனில், அது பொய் சொல்கிறது. அந்தப் பொய்யை நம்பி ஒரு கலம் வருகிறது.

மஞ்சள் மிதவைகளின் கதை இன்னும் வருத்தத்துக்குரியது. சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் தரவு மிதவைகளை நிறுத்தியிருக்கிறது. காற்றின் வேகம், அலையின் உயரம், நீரின் வெப்பம் ஆகியவற்றை அவை செயற்கைக்கோள் வழியே கரைக்கு அனுப்புகின்றன. புயல் கணிப்புக்கு இத்தகவல்கள் துணை நிற்கின்றன. ஆழிப்பேரலை எச்சரிக்கைக்கும் தனி மிதவைகள் உள்ளன. மீன் கூடும் இடம் என்று இவற்றில் படகைக் கட்டுவதும், கருவிகளும் மின்தகடுகளும் சேதமடைவதும் பல ஆண்டுகளாக நீடிக்கும் சிக்கல். ஒரு மிதவை மௌனமானால், அந்தக் கடற்பகுதியிலிருந்து தகவல் வருவது நின்றுவிடுகிறது. 'காற்று ஏறுகிறது, கரை திரும்பு' என்று நாளை ஒரு மீனவருக்குச் சொல்ல வேண்டிய வாய், இன்று மற்றொரு மீனவரின் கயிற்றால் அடைபடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1927-ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டத்துக்கு மாற்றாக, 2021-இல் கடல்வழி உதவி அமைப்புகளுக்கான புதிய சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. வழிகாட்டும் அடையாளங்களைச் சேதப்படுத்துவோருக்குச் சிறையும் அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. ஆனால், ஒருவருக்குப் படிக்கக் கற்றுத்தராத மொழியில் எழுதிய அறிவிப்பை மீறினார் என்று தண்டிப்பது எந்த அளவுக்கு நியாயம்? முதலில் கற்பித்தல், பிறகே தண்டித்தல்.

அரசின் பக்கமும் குறை இருக்கிறது. பெரிய துறைமுகங்களின் மிதவைகள் மீது இருக்கும் கவனம், மீன்பிடித் துறைமுகங்களின் முகத்துவாரங்கள் மீது இருப்பதில்லை. குமரி மாவட்டம் தேங்காய்ப்பட்டணத்திலும், கேரளத்தின் முதலப்பொழியிலும் முகத்துவாரத்தில் படகுகள் கவிழ்ந்து மீனவர்கள் மாண்ட செய்திகளை நாம் மீண்டும் மீண்டும் படித்திருக்கிறோம். அங்கே அலையும் கட்டுமானமும் மணல் சேர்வதும் முதன்மைக் காரணங்கள்; மிதவையால் மட்டும் அவை தீரா. எனினும், மணல் மேடு இடம் மாறும் முகத்துவாரத்தில் நேற்று ஆழமாக இருந்த வழி இன்று ஆழமற்றுப் போகிறது. ஆழத்தை அவ்வப்போது அளந்து, அதற்கேற்ப அடையாளங்களை நகர்த்தி, நகர்த்தியதை மீனவருக்கு அறிவிக்கும் ஏற்பாடு தூர்வாருதலோடு சேர்ந்தே நடைபெற வேண்டும்.

'கையில் ஜிபிஎஸ் இருக்கும்போது மிதவை எதற்கு?' என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். படகு எங்கே இருக்கிறது என்பதை ஜிபிஎஸ் சொல்லும். அடியில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது கடல் வரைபடம். வரைபடமோ, கடைசியாக அளந்த நாளின் நிலையையே காட்டும். நேற்று மூழ்கிய கலத்தை இன்று சுட்டிக்காட்ட, நீலமும் மஞ்சளுமாக ஒரு மிதவை கண்முன்னே நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளைப் பொருத்தும் மத்திய அரசின் திட்டம் வரவேற்கத்தக்கது. ஆனால், அந்தக் கருவி கண்ணுக்கு மாற்று ஆகாது. தேர்ந்த மாலுமிகள் கருவியையும் மிதவையையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டே நம்புகிறார்கள். மிதவை புயலில் நகரலாம் என்பதையும் அவர்கள் அறிவார்கள்.

செய்ய வேண்டியவை அரிதானவை அல்ல. மிதவைகளின் நிறம், வடிவம், விளக்குத் தாளம் ஆகியவற்றைத் தமிழில் விளக்கும் வண்ணப் படங்களை ஒவ்வொரு மீன் ஏலக்கூடத்தின் சுவரிலும் எழுதலாம். படகுப் பதிவின்போதும் உரிமம் புதுப்பிக்கும்போதும் ஒருநாள் பயிற்சியை மீன்வளத் துறை அளிக்கலாம். அதைக் கற்பிக்க ஓய்வுபெற்ற தண்டல்களையும் மாலுமிகளையும் அழைக்கலாம். அவர்கள் சொன்னால் படகுக்காரர்கள் கேட்பார்கள். மிதவை நகர்ந்தது, விளக்கு அணைந்தது, புதிதாக ஒரு கலம் மூழ்கியது என்பன போன்ற அறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வெளியாகின்றன; அவை தமிழில் கிராம ஒலிபெருக்கி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் கடற்கரைச் சிற்றூர்களை அடைய வேண்டும். புதிய மிதவையை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்கும் முன், அந்தக் கடலில் அன்றாடம் தொழில் செய்பவரையும் கேட்க வேண்டும். தம்மைக் கேட்டு வைத்த மிதவையை எவரும் தம் மிதவையாகக் காப்பார்.

கடலோர மாவட்டப் பள்ளிகளில் சாலைப் போக்குவரத்து விளக்குகளைக் கற்பிக்கிறோம். சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் செல் என்று குழந்தைகள் ஒப்பிக்கிறார்கள். கடலில் சிவப்பும் பச்சையும் வேறு பொருள் உடையவை என்பதை அதே வகுப்பில், அதே பாடத்தில், அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம். அந்த வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் சிலர் நாளை படகின் சுக்கானைப் பிடிக்கப் போகிறவர்கள்.

என் மாமா இன்று இல்லை. அன்று அவர் மணலில் வைத்த செங்கல் துண்டுகளையும் வேப்பிலைகளையும் காற்று அன்றிரவே கலைத்திருக்கும். ஆனால், அதன் பிறகு நான் கடலுக்குச் சென்ற எந்த நாளிலும் மிதவையில் கயிறு கட்டியதில்லை. ஐந்து முறை சங்கு ஒலித்தால் கையசைத்ததும் இல்லை. அரை மணி நேரப் பாடம் அது. அந்தப் பாடம் ஒவ்வொரு மீனவக் குடும்பத்தின் முற்றத்துக்கும் சென்று சேர்வதை உறுதிசெய்வது அரசின் கடமை; அதைக் கேட்டுப் பெறுவது நமது உரிமை.